மண்ணிற் புதைந்த பெயர்கள்: புரொமெல் களமும் போர்வீரர் அடையாளப் பொருள்களும்

போரில் மடிந்தவனுக்குப் பெயர் சொல்லிக் கல் நாட்டும் வழக்கம் பழமையானது. ஆயின், படையிற் சேர்ந்த ஒவ்வொரு சாதாரண வீரனுக்கும் தன் பெயரோடு புதைக்கப்படும் உரிமை உண்டு என்ற கொள்கை மிக அண்மைக் காலத்துக்குரியது. ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்த சமுதாயத்திலே, வீழ்ந்தவன் யார் என்ற ஐயம் எழுந்திருக்க இடமில்லை. அவனை ஊரார் அனைவரும் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்படைகளிலோ நிலைமை வேறு. தூரதேசத்துக் களத்திலே, தன்னை அறிந்த தோழர்களும் உடன் மாண்டுவிட்ட நிலையில், ஒருவனுடைய உடல் அவன் பெயரைத் தானே சொல்லவேண்டியதாயிற்று. இத்தேவையிலிருந்தே போர்வீரரின் அடையாளத் தகடு பிறந்தது எனலாம்.

இத்தேவையை முதலில் உணர்ந்தோர் அரசாங்கங்களல்லர்; வீரர்களே. ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போரின்போது (1861–1865), தாக்குதலுக்கு முன்னர் தம் பெயரையும் ஊரையும் காகிதத் துண்டில் எழுதிச் சட்டையிற் குத்திக்கொண்ட படைவீரரைப் பற்றிய செய்திகள் உள்ளன. சிலர் நாணயங்களைத் தேய்த்துப் பெயர் பொறித்துக்கொண்டனர்; சிலர் வணிகர் விற்ற உலோக வில்லைகளை வாங்கி அணிந்தனர். இத்துணை முயற்சிக்குப் பின்னரும், போர் முடிந்து வட மாநிலத்து வீரர்களின் உடல்கள் தேசிய மயானங்களுக்கு மாற்றப்பட்டபோது அவர்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் பெயர் தெரியாதவராகவே அடக்கஞ் செய்யப்பட்டனர். 1870ஆம் ஆண்டுப் போரிலே பிரசியப் படை தன் வீரர்களுக்கு அடையாளத் தகடுகளை வழங்கியது. அவ்வீரர்கள் அதனை நாய்களின் கழுத்தில் மாட்டும் வரிவில்லைக்கு ஒப்பிட்டு எள்ளினர் என்பர். மரணத்தை நினைவூட்டும் ஒரு பொருளைக் கழுத்தில் அணிந்தவர்கள் அதனைக் கேலிப் பெயரால் அழைத்ததில் வியப்பில்லை.

பிரித்தானியப் படையில் 1907இல் அலுமினிய வில்லை புகுத்தப்பட்டது. 1914இல் முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும், அலுமினியத்துக்குப் பதிலாகச் செந்நிற நார்ப்பொருளாலான வட்டத்தகடு வந்தது. பெயர், படை இலக்கம், பிரிவு, சமயம் ஆகியன அதிற் பொறிக்கப்பட்டன. இவ்வேற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்தது. தகடு ஒன்றே. வீரன் இறந்தால், அவன் இறந்தான் என்பதைப் பதிவு செய்யும்பொருட்டு அத்தகடு கழற்றி எடுக்கப்படும். கழற்றப்பட்ட கணத்திலேயே அவ்வுடல் பெயரற்றதாகிவிடும். பின்னர் அக்கல்லறை குண்டுவீச்சிற் சிதைந்தாலோ, உடல் வேறிடத்துக்கு மாற்றப்பட்டாலோ, அவன் யாரென்று கூறுவதற்கு எதுவும் எஞ்சாது. பதிவேட்டுக்குப் பெயர் கிடைத்தது. உடலோ அதனை இழந்தது.

போர்க்களக் கல்லறைகளைப் பதிவு செய்யும் பணியை 1914இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகனப் பிரிவொன்றின் தலைவராக இருந்து தொடங்கியவர் பேபியன் வெயார் என்பவர். அம்முயற்சியே 1917ஆம் ஆண்டு மே மாதத்தில் அரச பட்டயம் பெற்று ஏகாதிபத்தியப் போர்க்கல்லறை ஆணைக்குழுவாக வளர்ந்தது. இப்பணியின் அனுபவத்திலிருந்தே இரட்டைத் தகட்டு முறை தோன்றியது. செந்நிற வட்டத்தகட்டைக் கழற்றி எடுப்பது, பச்சைநிற எண்கோணத் தகட்டை உடலோடு விட்டுவைப்பது என்ற இம்முறைக்கான கட்டளை 1916ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளிவந்தது. இத்திகதி மனங்கொள்ளத்தக்கது. ஏனெனில், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே புரொமெல் சமர் நிகழ்ந்து முடிந்துவிட்டது.

புரொமெல் வட பிரான்சிலே, லீல் நகருக்கு மேற்கேயுள்ள ஒரு சிற்றூர். 1916 யூலை 19ஆந் திகதி மாலை 6 மணிக்கு, கோடைகாலத்துப் பகல் வெளிச்சம் குறையாத வேளையிலே, அவுஸ்திரேலிய ஐந்தாம் படைப்பிரிவும் பிரித்தானிய 61ஆம் படைப்பிரிவும் அங்கிருந்த ஜேர்மானிய நிலைகளைத் தாக்கின. தெற்கே சோம் நதிக்கரையில் நிகழ்ந்துகொண்டிருந்த பெருஞ்சமருக்கு ஜேர்மானியர் துணைப்படை அனுப்பாவண்ணம் தடுப்பதே இத்தாக்குதலின் நோக்கமெனக் கூறப்பட்டது. தாழ்ந்த, நீர் ஊறிய வயல்நிலத்தில் தாக்குவோரும், எதிரே மேட்டுநிலத்தில் காப்போரும் இருந்தனர். ஏழு மணிநேரப் பீரங்கி வீச்சுக்குப் பின்னரும் ஜேர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள் அழியவில்லை. சில பிரிவினர் எதிரியின் அரண்களைக் கடந்து உட்புகுந்தனர். அங்கே நீர் நிறைந்த கால்வாய்களைத்தான் கண்டனர். விடியற்காலையில் அவர்கள் சுற்றிவளைக்கப்பட்டுப் பின்வாங்க நேர்ந்தது. ஓர் இரவுக்குள் அவுஸ்திரேலியர் 5,533 பேரை இழந்தனர். இறந்தோர், காயமுற்றோர், சிறைப்பட்டோர் அனைவரும் இத்தொகையில் அடங்குவர். இறந்தோர் தொகை இரண்டாயிரத்தை அண்மித்தது. பிரித்தானியப் பிரிவின் இழப்பு 1,547. போரியல் நோக்கில் இதனாற் பெற்ற பயன் எதுவுமில்லை.

மறுநாட் காலையிலே, இரு தரப்புக்கும் இடைப்பட்ட வெளியிற் கிடந்த காயமுற்றோரை எடுத்துச் செல்வதற்குத் தற்காலிக ஓய்வொன்று பேசப்பட்டது. அவுஸ்திரேலியப் பிரிவின் தளபதி அதற்கு உடன்படவில்லை. எதிரியோடு பேச்சு வைத்துக்கொள்ளலாகாது என்ற மேலிடத்துக் கட்டளையை அவர் காரணமாகக் கொண்டார். வீரர்கள் இரவிரவாகத் தவழ்ந்து சென்று பலரை மீட்டனர் என்பது உண்மையே. எனினும் மாண்டவர் அவ்வெளியிலேயே கிடந்தனர். 1918 நவெம்பர் 11ஆந் திகதி, போர் ஓய்ந்த அந்நாளிலே, அவுஸ்திரேலிய உத்தியோகபூர்வ வரலாற்றாசிரியரான சார்ள்ஸ் பீன் இக்களத்தில் நடந்து சென்றபோது, இரண்டாண்டுகளுக்கு முன் மாண்டோரின் எலும்புகளும் சீருடைத் துணிகளும் நிலத்தின்மீது கிடக்கக் கண்டார்.

ஜேர்மானிய அரண்களுக்கு அப்பாற் சென்று மடிந்தோரின் கதை வேறானது. பவேரியப் படையினர் அவ்வுடல்களைத் தம் பின்னணிப் பகுதிக்கு எடுத்துச் சென்றனர். ஊரின் ஓரத்திலே 'பெசன்ற் வூட்' எனப்படும் சிறுகாட்டின் அருகில் நீண்ட குழிகளைத் தோண்டி, அவற்றில் உடல்களை வரிசையாக அடக்கினர். அதற்கு முன்னர், ஒழுங்கான படையொன்று செய்யவேண்டியதைச் செய்தனர்: அடையாளத் தகடுகளையும் கடிதங்களையும் உடைமைகளையும் கழற்றிச் சேகரித்தனர். இறந்தோர் பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்பட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாக மறுதரப்புக்கு அனுப்பப்பட்டது. விக்ரோறியாவிலோ மேற்கு அவுஸ்திரேலியாவிலோ இருந்த தாய்க்குத் தன் மகன் இறந்தான் என்ற செய்தி இவ்வாறே கிடைத்தது. சில குடும்பங்களுக்குத் தகடுகூட வந்து சேர்ந்தது. மகன் எங்கே கிடக்கின்றான் என்ற செய்தி மட்டும் வரவில்லை. பகைவன் நேர்மையாக நடந்துகொண்டமையே அவ்வுடல்களைப் பெயரற்றனவாக்கியது என்பது இவ்வரலாற்றின் கசப்பான கூறு. இரண்டாவது தகடு ஒன்று அவர்கள் கழுத்தில் இருந்திருப்பின், பின்னர் நிகழ்ந்தவற்றுட் பல வேறாக அமைந்திருக்கக்கூடும். நார்ப்பொருளாலான தகடு ஈரமண்ணில் நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதையும் இங்கு மறத்தலாகாது.

போரின் பின்னர் மேலைக்களம் எங்கணும் உடல்தேடும் குழுக்கள் அனுப்பப்பட்டன. நிலத்தில் நட்டிருக்கும் துப்பாக்கியோ கட்டையோ, வழக்கத்துக்கு மாறாகச் செழித்த புல், எலிவளைகளின் வாயிற் கிடக்கும் எலும்புத் துணுக்கு, நிறம் மாறிய குட்டைநீர் ஆகியவற்றையே அவர்கள் அறிகுறிகளாகக் கொண்டனர். 1921ஆம் ஆண்டிலே இத்தேடுதல் உத்தியோகபூர்வமாக நிறுத்தப்பட்டது. புரொமெல் வெளியிற் கிடைத்த 410 அவுஸ்திரேலியரின் உடல்களுள் ஒன்றேனும் பெயரறியப்படவில்லை. அவை அங்கே தனிக் கல்லறைக் கற்கள் இன்றி ஒருசேர அடக்கப்பட்டன; சுவரொன்றிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. காட்டோரத்துக் குழிகளோ எவர் கண்ணிலும் படவில்லை. அவற்றின்மேல் புல் வளர்ந்தது. நிலம் மீண்டும் உழவர் கைக்குச் சென்றது.

எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வினாவை மீண்டும் எழுப்பியவர் வரலாற்றுப் பேராசிரியர் எவருமல்லர். மெல்பேணைச் சேர்ந்த லம்பிஸ் எங்லேசொஸ் என்னும் ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர். அவர் கையாண்ட முறை எளிய கணக்கு. புரொமெலிற் காணாமற்போனோர் எத்தனை பேர், அப்பகுதி மயானங்களிலே பெயரறியாத அவுஸ்திரேலியரின் கல்லறைகள் எத்தனை என அவர் எண்ணினார். இரண்டும் பொருந்தவில்லை; 150க்குக் குறையாதோர் எங்கும் கணக்கில் வரவில்லை. செஞ்சிலுவைச் சங்கக் கோவைகளில் ஜேர்மானியர் தந்த இறப்புப் பட்டியற் குறிப்புகள் இருந்தன. 1916இல் வானிலிருந்து எடுக்கப்பட்ட நிழற்படங்களிலே, சமருக்கு முன்னர் இல்லாத எட்டுக் குழிகள் காட்டோரத்திற் தென்பட்டன. அவற்றுட் சில மூடப்பட்டும் சில திறந்தும் இருந்தன. ஆவணங்கள் யாவும் பொதுச் சுவடிகூடங்களில் எவரும் பார்க்கக்கூடியனவாகவே இருந்தன. அவற்றை ஒருசேர வைத்து நோக்குதற்கு ஒருவர் முன்வர எண்பதாண்டுகள் சென்றன. அதிகாரிகள் முதலில் இதனை நம்பத் தயங்கினர். போர் முடிந்ததும் அவ்வுடல்கள் எடுத்து மாற்றப்பட்டிருக்கலாம் என்பது அவர்களது வாதம். அவ்வாதம் நியாயமற்றதன்று, பல இடங்களில் அவ்வாறு நிகழ்ந்துள்ளது.

ஆவணச் சான்று இவ்வெல்லையில் நின்றுவிட, மண்ணின் சான்று தேவைப்பட்டது. 2007ஆம் ஆண்டு மே மாதத்திலே கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்பொருளாய்வுக் குழுவினர், டோனி பொலார்ட்டின் தலைமையில், நிலத்தை அகழாமலே ஆராயும் பணியில் ஈடுபட்டனர். மண்ணின் மின்தடையை அளந்தனர். நிலத்தினுள் அலைகளைச் செலுத்தி நோக்கினர். இவற்றோடு உலோகங்காண் கருவியையும் பயன்படுத்தினர்.

இக்கருவியின் வரலாறும் போர்களோடும் மரணங்களோடும் பின்னிப் பிணைந்ததே. 1881இல் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டபோது, உடலினுட் தங்கிய குண்டைத் தேடும்பொருட்டு, தொலைபேசியைக் கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல் மின்தூண்டற் கருவியொன்றை அமைத்தார். அது பயன்படவில்லை. கட்டிலின் உலோகக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். மருத்துவர்கள் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க இடந்தந்தனர் என்றும் கூறுவர். இரண்டாம் உலக யுத்தத்திலே, பிரித்தானியாவிற் புகலிடம் பெற்றிருந்த போலந்துப் படையின் அதிகாரி யோசப் கொசாக்கி, கையிற் கொண்டு செல்லத்தக்க கண்ணிவெடி காண் கருவியை உருவாக்கினார். 1942இல் எல் அலமெயின் சமரில் அது பயன்பட்டது. போர் முடிந்தபின் எஞ்சிய இத்தகைய கருவிகள் சந்தைக்கு வந்தன. வயல்வெளிகளிலே பழம்பொருள் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்காயிற்று. தொல்பொருளறிஞர் இதனை நெடுங்காலம் வெறுத்தனர். பொருளைத் தோண்டி எடுப்பவர் அது கிடந்த இடத்தின் செய்தியை அழித்துவிடுகின்றார் என்ற அவர்களது குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயின் முறையாகப் பயன்படுத்துமிடத்து இக்கருவி ஆவணம் சொல்லாததைச் சொல்லும் என்பதற்குப் புரொமெல் தக்க சான்று.

அங்கே மேல்மண்ணிற் கிடைத்த பொருள்களுள் ஒன்று, அல்பேட்டன் என்னும் பிரதேச சபையின் பெயர் பொறித்த சிறு பதக்கம். அல்பேட்டன், அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலே கிப்ஸ்லாந்துப் பகுதியில் உள்ளது. போருக்குப் புறப்பட்ட தன் பகுதி இளைஞருக்கு அச்சபை வழங்கிய பிரியாவிடைப் பரிசே இப்பதக்கம். படைத்துறை தந்த தகட்டில் வீரனின் பெயர் இருந்தது; அது கழற்றப்பட்டது. ஊர் தந்த பதக்கத்தில் ஊரின் பெயரே இருந்தது. அது எவ்வாறோ கழற்றுவோர் கைக்குத் தப்பி மண்ணில் வீழ்ந்தது.

இதன் பெறுமதி உலோகத்தில் இல்லை. அது கிடந்த இடத்தில் உள்ளது. இவ்வயல் போர்க்காலத்தில் ஜேர்மானிய முன்னரங்குக்குப் பின்னால் இருந்தது. 1916இல் அவுஸ்திரேலியப் படை எதுவும் அதனை வந்தடைந்ததில்லை. எனவே அவுஸ்திரேலியப் பொருளொன்று அங்கு வருவதாயின், கைதியோடு வந்திருக்கவேண்டும். அன்றேல் பிணத்தோடு வந்திருக்கவேண்டும். குழிகளை அடுத்தே அது கிடந்தமையால் இரண்டாவதே பொருத்தமாயிற்று. இதே பதக்கம் களத்தின் நடுவெளியிற் கிடைத்திருப்பின் ஒரு நினைவுப்பொருள் என்பதற்கு மேல் அதற்கு மதிப்பிராது. அதனைத் தனியொருவர் இரவில் எடுத்துச் சென்று விற்றிருப்பின், அம்மதிப்புக்கூட இருந்திராது. எனினும், உடல்கள் அங்கு கொண்டுவரப்பட்டன என்பதையே பதக்கம் காட்டியது. அவை இன்னும் அங்கே உள்ளன என்பதை அது தனியே நிறுவவில்லை. அதனை நிறுவியது 2008ஆம் ஆண்டின் சோதனை அகழ்வே.

2009ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டெம்பர் வரை, ஒக்ஸ்போட் தொல்பொருளியல் நிறுவனத்தினர் 250 உடல்களை வெளியே எடுத்தனர். கழற்றியவர்கள் கண்ணிற் படாதவை பல அவற்றோடு கிடந்தன: பொத்தான்கள், இடுப்புப்பட்டிக் கொளுவிகள், சமயச் சின்னங்கள், பேனைகள். பிரீமான்டிலிலிருந்து பேத் நகருக்குச் சென்று மீள்வதற்கான புகையிரதச் சீட்டின் பாதி, நச்சுப்புகைத் தடுப்புமுகமூடியின் பையினுள் மடிந்து கிடந்தது. திரும்பிச் செல்வதற்குரிய பாதி அது. போர்வீரர் படைத்தகட்டை மட்டும் நம்பியிருந்தவரல்லர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. மேலைக்களம் எங்கணும் அவர்கள் நாணயத்தைத் தேய்த்துக் கைச்சங்கிலி செய்தனர். ஜேர்மானியக் குண்டுமூக்கின் அலுமினியத்தை உருக்கி மோதிரம் வார்த்து முதலெழுத்துகளைப் பொறித்தனர். இன்று பிரான்சின் வயல்களிலே உலோகங்காண் கருவிக்கு அகப்படும் மோதிரங்களுள் இவ்வகையின பல. நம் இலக்கியத்திற் கணையாழி, தொலைவிலிருப்பவனின் இருப்பை உணர்த்தும் அடையாளம். இம்மோதிரங்கள் உணர்த்துவது பெரும்பாலும் இன்மையையே.

மோதிரமும் பதக்கமும் ஊகத்துக்கு வழி காட்டலாம். தீர்ப்புக்கு அவை போதா. பொருள்கள் கைமாறும், நண்பனின் மோதிரத்தை அணிந்தபடி ஒருவன் இறக்கலாம். எழுத்தாளர் கிப்ளிங்கின் மகன் 1915 செப்டெம்பரில் லூஸ் சமரிற் காணாமற்போனான். 1992இல் ஐரிஷ் காவற்படை லெப்டினன்ட் ஒருவரின் பெயரற்ற கல்லறை அவனுடையதென அறிவிக்கப்பட்டது. அவன் இறந்தபோது அப்பதவிநிலைச் சின்னத்தை அணிந்திருந்தானா என்ற வினாவை முன்வைத்து ஆய்வாளர் பல்லாண்டு வாதிட்டனர். தோளிலிருந்த ஒரு நட்சத்திரச் சின்னத்தின்மேற் கட்டப்பட்ட முடிவு எத்துணை எளிதில் ஆட்டங்காணும் என்பதை இது காட்டுகின்றது. புரொமெலில் இவ்வழு நேராவண்ணம், எலும்புகளிலிருந்து மரபணுக் கூறுகளை எடுத்து, உயிரோடிருக்கும் உறவினரின் கூறுகளோடு ஒப்பிட்டனர். 2010 மார்ச்சில் 75 பேர் பெயரறியப்பட்டனர். அல்பேட்டன் பகுதியைச் சேர்ந்த வீரர் ஒருவரும் அவ்வாண்டிற் பெயர் பெற்றோருள் இருந்தார். பதக்கம் அவருடையதுதான் என்பதற்கு அவர் ஊரின் பெயரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

சட்டங்களும் இவ்வனுபவங்களின் வழியே இறுக்கமடைந்துள்ளன. பிரான்சிலே 1989 டிசெம்பர் 18ஆந் திகதிச் சட்டம், வரலாற்றுப் பொருள் தேடுவதற்கு உலோகங்காண் கருவியை அனுமதியின்றிப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றது. இது பழம்பொருள் பற்றிய கவலை மாத்திரமன்று. அந்நிலத்தில் இன்னும் வெடிக்காத குண்டுகள் கிடக்கின்றன, உழவர் ஆண்டுதோறும் அவற்றை ஏர்முனையிற் காண்கின்றனர்.

புரொமெலின் வெற்றியைப் போற்றுமிடத்து, அதற்குத் தேவைப்பட்டவை எவை என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். பகைவன் வைத்த பட்டியல் வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் தனிக்கோவை பேணிய நிறுவனம் வேண்டும். செலவேற்கும் அரசு வேண்டும். மூன்று நான்கு தலைமுறைகளின் பின்னரும் தம் கொடிவழியைச் சொல்லத்தக்க உறவினர் வேண்டும். புரொமெலுக்கு அண்மையிலுள்ள நெவ் சப்பெல்லில், 1927இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னமொன்று உண்டு. கல்லறை தெரியாத 4,700க்கு மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களும் அதே மண்ணில், அதே பேரரசுக்காக மடிந்தவர்கள். பஞ்சாபிலோ நேபாள மலைகளிலோ உள்ள சிற்றூரொன்றில், 1914இல் வீட்டைவிட்டுச் சென்ற பாட்டனின் படை இலக்கத்தைக் கூறவல்ல பேரர் எத்தனை பேர் இருத்தல் கூடும்? மரபணு விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது. ஆவணம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை.

குழிகளுக்கு அருகே புதிய மயானம் அமைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் போர்க்கல்லறை ஆணைக்குழு அமைத்த முதலாவது மயானம் அதுவே. 2010 சனவரி 30ஆந் திகதி முதல் உடலும், சமரின் நினைவுநாளான யூலை 19ஆந் திகதி இறுதி உடலும் அங்கே அடக்கஞ் செய்யப்பட்டன. பின்வந்த ஆண்டுகளிற் பெயரறியப்பட்டோர் தொகை 160ஐக் கடந்தது. ஒருவரின் பெயர் உறுதியாகும்போது பெயரற்ற கல் அகற்றப்பட்டு, பெயர் பொறித்த கல் அவ்விடத்தில் நாட்டப்படுகின்றது. எஞ்சிய கற்கள், படையின் சின்னத்தை மாத்திரம் தாங்கி, அதே வரிசையில் நிற்கின்றன.